தப்பா, நெருடலா? ஜப்பான் பள்ளிகளில் ஓயாத ஆங்கிலச் சொல் வழக்கு

'யெஸ்டர்டே ஐ ப்ளேய்ட் வித் மை ஃப்ரெண்ட்ஸ்.' ஜப்பானில் பதினாறு வயது மாணவி ஒருத்தி தேர்வுத்தாளில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வினைமுற்று சரி, பன்மை சரி, எழுத்துப்பிழை இல்லை. ஜப்பானிய ஆசிரியர் வட்டம் போடுவார். கனடாவிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்த உதவியாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, முக்கோணம்தான் போட வேண்டும் என்பார். அங்கே வட்டம் என்றால் சரி, முக்கோணம் என்றால் பாதி மதிப்பெண், பெருக்கல் குறி என்றால் தவறு. டிக் குறியும் தவறுக்கு உரியதுதான். இது தெரியாமல் சரியான விடைகளுக்கெல்லாம் டிக் அடித்து வைக்கும் புதிய வெளிநாட்டு ஆசிரியர்கள் உண்டு.

அந்த வாக்கியத்தில் உறுத்துவது 'ப்ளே'. சிறு குழந்தை பொம்மை வைத்து விளையாடினால் அந்தச் சொல் பொருந்தும். டென்னிஸ், கிடார் என்று ஏதாவது பின்னால் வந்தாலும் பொருந்தும். பதினாறு வயதுக்காரி தோழிகளோடு கடைத்தெரு சுற்றி, காபி குடித்து, கரவோகே பாடிவிட்டு வந்ததை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. ஜப்பானியத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'அஸொபு' என்ற ஒரே வினைச்சொல் போதும். முதல் பாடநூலில் 'ப்ளே' என்ற சொல்லுக்கு எதிரே அச்சாகியிருப்பதும் அதுதான். ஆகவே இந்த மாணவி பாடத்தைத் தவறாகப் படித்துவிட்டு எழுதவில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அறைகளில் ஆண்டு முழுக்க நடக்கும் சொல் வாதங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

வாதிடுகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவரைப் பள்ளிகளில் உதவியாசிரியர்களாக அமர்த்த 1987-ல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் முதல் ஆண்டு 848 பேர் வந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நான்கே நாடுகள். இன்று நாடுகளின் எண்ணிக்கை பல மடங்கு. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வகுப்பறை உதவியாசிரியர்கள். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். இவர்கள் போக, தனியார் நிறுவனங்கள் அனுப்பும் உதவியாசிரியர்களும் ஏராளம். எதிர்ப்பக்கம் இருப்பவர் உரிமம் பெற்று, மாநிலத் தேர்வெழுதி வேலைக்கு வந்த ஜப்பானிய ஆங்கில ஆசிரியர். இலக்கணக் கலைச்சொற்களில் அவரை அசைக்க முடியாது. 'இங்கே ஏன் தி வரவில்லை?' என்று அவர் கேட்டால், உதவியாசிரியர் 'கேட்க அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லித் தோளைக் குலுக்குவார். அந்தப் பதிலால் வகுப்புக்கு ஒரு பயனும் இல்லை.

வெளியில் தெரியாத இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தனியார் நிறுவனம் மொத்த வேலையையும் ஒப்பந்தமாக எடுத்து ஆளை அனுப்பியிருந்தால், பள்ளி ஆசிரியர் அந்த உதவியாசிரியருக்கு நேரடியாக வேலை சொல்வதே ஜப்பானியத் தொழிலாளர் சட்டப்படி சிக்கல். 'இந்த விடைக்கு ஏன் பாதி போட்டாய், மாற்று' என்பதும் உத்தரவுக் கணக்கில் வரலாம். பேசித் தீர்க்க வேண்டிய சொல் வழக்கு பேசாமலே ஆறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோயின் வேர் சொற்பட்டியல் புத்தகம். ஜப்பானில் தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவரின் பையிலும் சிவப்பு நிறக் கண்ணாடித்தாள் ஒன்று இருக்கும். பட்டியலில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல் கறுப்பில்; வலப்பக்கம் ஜப்பானியப் பொருள் சிவப்பில். அந்தத் தாளை மேலே வைத்தால் சிவப்பு எழுத்து மறைந்துவிடும். பொருளை நினைவிலிருந்து சொல்லிவிட்டுத் தாளை நகர்த்திச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலில் நின்றபடியே நூறு சொல் தள்ளிவிடலாம் என்பதால் இதை விட யாருக்கும் மனம் வராது. பாடத்திட்டமும் விடாது. 2020-லிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்த திட்டப்படி தொடக்கப்பள்ளியில் 600 முதல் 700 சொற்கள், நடுநிலையில் 1600 முதல் 1800, மேல்நிலையில் 1800 முதல் 2500. முன்பு நடுநிலைக்கு 1200-தான் இருந்தது. இத்தனையையும் மனதில் ஏற்ற ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கணக்கு வசதியானது. அந்தச் சொல் எந்த இடத்தில், யாரிடம், எதனோடு சேர்ந்து வரும் என்பதைச் சிவப்புத் தாளால் மறைத்துக் கேட்க முடியாது.

விளைவுகளைத் தமிழ் வாசகர் எளிதாகப் பிடித்துவிடலாம். நாம் ஃபோன் நம்பரை 'சொல்லுங்கள்' என்போம், நீச்சலைக் 'கற்றுக்கொடுங்கள்' என்போம். ஜப்பானியத்தில் இரண்டுக்கும் 'ஒஷியெரு' ஒன்றுதான். பட்டியலில் அதற்கு எதிரே 'டீச்' இருப்பதால், 'ப்ளீஸ் டீச் மீ யுவர் ஃபோன் நம்பர்' பிறக்கிறது. 'கரிரு' என்பது புத்தகத்தை இரவல் வாங்குவதற்கும், வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கும், அடுத்தவர் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்வதற்கும் பொது. 'மே ஐ பாரோ யுவர் டாய்லெட்?' என்று கேட்டால், கழற்றி எடுத்துப் போய் நாளைக்குத் திருப்பித் தருவார் போலிருக்கிறது. கருத்துக் கேட்கும்போது நாம் 'என்ன நினைக்கிறீர்கள்' என்கிறோம், ஆங்கிலமும் 'வாட்' என்றே கேட்கிறது. ஜப்பானியமோ 'எப்படி நினைக்கிறீர்கள்' என்று கேட்கும் மொழி. அதனால்தான் பல்கலைக்கழகம் போன பிறகும் 'ஹவ் டு யூ திங்க்' விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து 'இயல்பாக இல்லை' என்று முத்திரை குத்துவதுதான் ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை. பொருளே மாறிப்போகும் தவறு, தொனி கெடும் தவறு, வெறுமனே காதில் நெருடுவது ஆகிய மூன்றும் வேறு வேறு.

பொருள் மாறுவதற்கு 'அன்டில்', 'பை' ஜோடி நல்ல சான்று. தமிழில் 'வெள்ளி வரை', 'வெள்ளிக்குள்' என்று பிரித்துச் சொல்கிறோம். ஜப்பானியத்திலும் 'மதெ', 'மதெனி' என்று பிரிவு உண்டு. ஆனால் வேறுபாடு கடைசி ஓர் அசையில் ஒளிந்திருக்கிறது. 'ப்ளீஸ் ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே' என்ற மின்னஞ்சலைப் படிப்பவர், அது கெடு தேதியா அல்லது வெள்ளி வரை செய்துகொண்டே இருக்க வேண்டுமா என்று குழம்புவார். 'ஆல்மோஸ்ட்' இன்னொன்று. 'ஹொதொந்தொ' என்பதற்கு எதிரே அதை எழுதி மனப்பாடம் செய்தவர், 'ஆல்மோஸ்ட் ஜாப்பனீஸ் ஈட் ரைஸ்' என்று எழுதுவார். ஏறத்தாழ ஜப்பானியர் ஆகிவிட்டவர்கள் சோறு சாப்பிடுகிறார்கள் என்று பொருள் வந்துவிடும். 'மோஸ்ட்' என்று மாற்ற வேண்டும், அல்லது 'ஆல்மோஸ்ட் ஆல்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இந்த வகைக்குக் கருணை காட்டத் தேவையில்லை.

'ஐ குட்' (could) இதே வகையைச் சேர்ந்ததுதான், விதி மட்டும் கொஞ்சம் நுட்பம். 'நேற்றுத் தேர்வில் தேற முடிந்தது' என்பதை மாணவர் 'ஐ குட் பாஸ் த எக்ஸாம்' என்று எழுதுவார். ஆங்கிலத்தில் 'குட்' கடந்தகாலத்தின் பொதுத் திறமையைச் சொல்லும்: சின்ன வயதில் நன்றாக நீந்துவேன் என்பது போல. ஒரே ஒரு தடவை நடந்து முடிந்த வெற்றிக்கு அது வராது. 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும், அல்லது வெறும் 'பாஸ்ட்' போதும். எதிர்மறையில் இந்தத் தடை கிடையாது. 'குடின்ட்' இரண்டுக்கும் வரும். பார்ப்பது, கேட்பது போன்ற புலன் வினைகளோடும் 'குட்' தாராளமாக வரும். இந்த விலக்குகளைச் சொல்லாமல் 'குட் வேண்டாம்' என்று மட்டும் திருத்தினால், மாணவர் சரியான 'ஐ குட் சீ மவுண்ட் ஃபுஜி'யையும் அடித்துவிடுவார்.

தொனி கெடுவதில் பேர்போனது 'ஹேட் பெட்டர்'. 'இப்படிச் செய்தால் நல்லது' என்ற மென்மையான ஜப்பானிய வாக்கியத்துக்கு நேராக அதைப் பல தலைமுறைகளாகப் போட்டு வந்திருக்கிறார்கள். மாணவர் ஆசிரியரிடம் 'யூ ஹேட் பெட்டர் டிரிங்க் வாட்டர்' என்று அக்கறையோடு சொல்வார்; கேட்பவருக்கோ 'குடிக்காவிட்டால் தெரியும் சேதி' என்று படும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது, 'ஐட் பெட்டர் கோ' என்பதில் ஒரு வம்பும் இல்லை. முன்னிலையில்தான் முள். அறிவுரைக்கு 'ஷுட்' போதும். மூத்தவரிடம் என்றால் 'யூ மைட் வாண்ட் டு'. 'மேபி'யும் இந்த ரகம். 'தபுன்' என்றால் ஜப்பானியருக்குப் பெரும்பாலும் நடக்கும் என்ற எண்ணம். 'மேபி ஐ வில் கம்' என்றால் ஆங்கிலக்காரர் காதில் 'வந்தாலும் வருவேன்'. வருகிறேன் என்று சொன்னவருக்கு நாற்காலி போடாமல் விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் வகை வெறும் நெருடல். 'ப்ளே', 'மை ஹாபி இஸ் ஸ்லீப்பிங்', 'ஐ வாண்ட் டு சேலஞ்ச் ஸ்கீயிங்' எல்லாம் இதில் அடங்கும். கேட்பவருக்குப் பொருள் தெரிந்துவிடும், புருவம் மட்டும் கொஞ்சம் உயரும். வெளிநாட்டு ஆசிரியர்கள் அதிகம் சிரிப்பது இவற்றைப் பார்த்துத்தான். மதிப்பெண்ணைக் குறைக்க இவற்றுக்குத்தான் காரணம் மிகக் குறைவு.

இதற்கு ஒட்டிய இன்னொரு சச்சரவு, ஜப்பானிலேயே செய்த ஆங்கிலம். 'வாஸெய் எய்கொ' என்பார்கள். அங்கே 'மான்ஷோன்' என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு. 'குரேமு' என்றால் கடைக்காரரிடம் செய்யும் புகார், 'கன்னிங்கு' என்றால் தேர்வில் காப்பியடிப்பது, 'சுமாட்டோ' என்றால் ஒல்லியான உடல்வாகு. எடுத்துப் போட்டுச் சாப்பிடும் விருந்து 'பைகிங்கு'. 1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அந்த முறையை அறிமுகப்படுத்தியபோது, ஸ்காண்டிநேவியப் பெயர் வாயில் நுழையாததால் வைக்கிங் என்று வைத்த பெயர் அது. 'ரிபென்ஜி' இன்னும் சுவையானது. 1999-ல் பேஸ்பால் வீரர் மட்சுஸாகா டெய்சுகே, தோற்ற ஆட்டத்துக்குப் பின் அந்தச் சொல்லைச் சொல்ல, அது அந்த ஆண்டின் பரவலான சொல் விருதையே வாங்கியது. ஜப்பானியத்தில் அதற்கு 'அடுத்த முறை ஜெயித்துக் காட்டுகிறேன்' என்ற விளையாட்டு மைதானப் பொருள். மாணவர் ஆங்கிலக் கட்டுரையில் 'ஐ வாண்ட் டு ரிவெஞ்ச்' என்று எழுதினால், யாரையோ வெட்டப் போகிறவர் மாதிரி இருக்கும்.

வெளிநாட்டு ஆசிரியர்களில் ஒரு கூட்டம் இவற்றைக் 'கெட்ட ஆங்கிலம்' என்று ஒதுக்கும். அதை ஏற்க முடியாது. பிறமொழிச் சொற்களை எழுதும் கடகனா எழுத்தில், ஜப்பானிய வாக்கியத்துக்குள் இருக்கும்வரை இவை ஜப்பானியச் சொற்கள். அந்த மொழி தன் தேவைக்குச் செய்துகொண்டவை. 'சேலரிமேன்', 'காஸ்ப்ளே' போன்ற சில, ஆங்கில அகராதிகளிலேயே ஏறிவிட்டன. ஆங்கில வாக்கியத்துக்குள் தாவும்போதுதான் வழக்கு தொடங்குகிறது. ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றே: புதிய சொல் ஒன்றைக் கற்பிக்கும் முன் அதற்குக் கடகனாவில் ஒரு இரட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. இருந்தால் முதல் நாளே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பொருளைப் பிரித்துக் காட்டிவிட வேண்டும். மாணவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்புதான் ஆபத்து.

பழி ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஜப்பானியத் தேர்வு இலக்கணத்தில் 'திமிங்கில வாக்கியம்' என்ற ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது: 'எ வேல் இஸ் நோ மோர் எ ஃபிஷ் தன் எ ஹார்ஸ் இஸ்'. குதிரை எப்படி மீன் இல்லையோ அப்படியே திமிங்கிலமும் மீன் இல்லை. இலக்கணம் அப்பழுக்கில்லாதது, ஆங்கிலக்காரர் வாயில் வருவதுதான் அபூர்வம். உதவியாசிரியர் அதைப் பார்த்துத் 'தவறு' என்று சொல்லிவிடுவார். ஜப்பானிய ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டுவார், உதவியாசிரியர் முகம் சிவக்கும். அரிதானது வேறு, தவறு வேறு.

உதவியாசிரியர்களுக்குள்ளேயே ஒத்துப்போவதும் கிடையாது. வார இறுதிக்கு பிரிட்டன்காரர் 'அட் த வீக்எண்ட்' என்பார், அமெரிக்கர் 'ஆன்'. நோயாளி மருத்துவமனையில் இருந்தால் ஒருவர் 'இன் ஹாஸ்பிடல்' என்பார், மற்றவர் நடுவில் 'த' கேட்பார். தென்னாப்பிரிக்கர் 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதுதான் என்று பொருளில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து. ஜப்பானியப் பாடநூல்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கைத் தழுவியவை. பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வு 2021-ல் புதிய வடிவம் எடுத்தபோது, சூழலுக்கு ஏற்ப பிரிட்டிஷ் ஆங்கிலமும் வரலாம் என்று சொல்லிவிட்டது. அதே தேர்வு, அசையழுத்தம், சொல் வரிசை போன்ற தனிக் கேள்விகளைக் கைவிட்டு, படித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று பிரித்துக்கொண்டது. அங்கே அழுத்தம் குறைந்தாலும் பள்ளித் தேர்வின் திருத்து பேனா இன்னும் பழைய பழக்கத்தில்தான் ஓடுகிறது.

இந்தச் சொல் வழக்குகளிலிருந்துதான் உலகமே பயன்படுத்தும் ஒரு கருவி பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1922-ல் ஜப்பான் கல்வி அமைச்சகத்துக்கு ஆலோசகராக வந்த ஹரால்டு பால்மர், மறு ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற பட்டியலை அந்த நிறுவனம் 1933-ல் அறிக்கையாக வெளியிட்டது. 1924-ல் கியூஷூ தீவின் ஓய்தாவுக்கு ஆசிரியராக வந்த ஏ.எஸ். ஹார்ன்பி பிறகு அவரோடு சேர்ந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவருடன் அவர் தொகுத்த அகராதி, 1942-ல், ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்தபோது, டோக்கியோவில் அச்சானது. பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா இல்லையா, வினைச்சொல் 25 வாக்கிய அமைப்புகளில் எவற்றில் வரும் என்று அது குறித்துக் காட்டியது. தாய்மொழிக்காரருக்கு இவை தேவையே இல்லை. ஜப்பானிய ஆசிரியர் நித்தம் கேட்ட கேள்விகளுக்கு இவைதான் பதில். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. நம் ஊர் மாணவர் மேசைகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததுதான்.

அந்த வரிசையில் இன்று கையில் இருப்பவை இன்னும் வலிமையானவை. ஒரு சொற்சேர்க்கை சரியா என்று சந்தேகம் வந்தால், கற்போர் அகராதியில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பது முதல் வேலை. பொருள் வரியைத் தாண்டிக் கீழே போக வேண்டும். அங்கே தீராவிட்டால் தொகுப்புத் தரவு, அதாவது மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்தைத் தேடிப் பார்க்கும்படி கணினியில் திரட்டி வைத்தது. கோகா என்ற அமெரிக்கத் தொகுப்பில் நூறு கோடிச் சொற்களுக்கு மேல், பேச்சு, புனைகதை, செய்தித்தாள், ஆய்விதழ் என்று எட்டு வகைகளாகப் பிரித்திருக்கும். பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பு பத்துக் கோடிச் சொல். அதில் பத்தில் ஒரு பங்குதான் பேச்சு என்பதை மறக்கக் கூடாது. குளோபி என்ற தொகுப்பு இருபது நாடுகளின் இணைய ஆங்கிலத்தைத் தனித்தனியாகக் காட்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் உண்டு, ஜப்பான் இல்லை. கூகுள் முடிவு எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டுவது மட்டும் வேண்டாம். அது உத்தேசக் கணக்கு. பக்கம் பக்கமாகப் போனால் சுருங்கும், நாளுக்கு நாள் மாறும், எழுதியவர் யார் என்றும் தெரியாது.

'டிஸ்கஸ் அபௌட்' இதற்குச் சரியான சோதனை. ஜப்பானிய இலக்கண நூல்கள் 'மேரி', 'மென்ஷன்', 'ரீச்', 'அட்டெண்ட்' ஆகியவற்றோடு இதையும் ஒரே பட்டியலில் வைத்து, முன்னிடைச்சொல் சேர்க்காதே என்று கண்டிக்கும். ஜப்பானியத்தில் 'பற்றி' வருவதால் மாணவர் 'அபௌட்' சேர்க்கிறார். நம் பக்கத்திலும் அதே காரணத்துக்காகத்தான் சேர்க்கிறோம். அமெரிக்க, பிரிட்டிஷ் தொகுப்புகளில் அது மிகச் சொற்பம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்தில் அது பழகிய வழக்கு. தேர்வில் அது தவறாகவே எண்ணப்படும் என்று மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். மலேசிய வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் அதைக் கண்டால் திருத்தக் கிளம்பக் கூடாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

திருத்தும் முறையிலும் ஒரு பொறி உண்டு. 'ப்ளேய்ட்' என்பதை அடித்துவிட்டு 'ஹங் அவுட்' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தால், மாணவர் நோட்டில் 'அஸொபு'வுக்கு எதிரே புதிய சொல் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த மாதம் மருத்துவமனையில் இருக்கும் பாட்டியோடும் அவர் 'ஹேங் அவுட்' செய்வார். மாற்றுச் சொல் கொடுப்பதைவிட ஓரத்தில் 'என்ன செய்தீர்கள்?' என்று கேட்பது மேல். 'வி வென்ட் டு கரவோகே' என்ற வாக்கியம் வரும். 'ப்ளே' தானாகவே உதிர்ந்துவிடும். 'சேலஞ்ச்', 'ஹாபி', 'என்ஜாய்' எல்லாவற்றுக்கும் இதே மருந்து பலிக்கிறது. 'இயல்பாக இல்லை' என்ற குறிப்பு ஒருவருக்கும் உதவுவதில்லை.

மதிப்பெண் விஷயத்தை விடைத்தாள் வந்தபின் பேசினால் சண்டைதான். நடுநிலைப் பள்ளியின் உள்மதிப்பெண், மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் எண்ணப்படுகிறது. ஆகவே ஒரு முக்கோணம்கூடச் சாதாரணம் இல்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்த அரை மணிக்குள் மாணவர்கள் பக்கத்து வகுப்பு விடைகளோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து, எழுதச் சொல்லும் கேள்விகளுக்கு என்னென்ன விடை வரக்கூடும் என்று எழுதிப் பார்த்துவிட வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால், பொருளை மாற்றும் தவறுக்கு இரண்டு, தொனி கெட்டதற்கு ஒன்று கழிக்கலாம். அதுவும் கேள்வி, யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்லியிருந்தால் மட்டும். நெருடலுக்குக் கழிவு இல்லை. அடிக்கோடு மட்டும் போடலாம். ஒரே தவறு மூன்று இடத்தில் வந்தால் ஒரு தடவைதான் கழிவு. பாடநூலிலேயே அச்சாகியிருக்கும் வழக்கை, உதவியாசிரியருக்குப் பிடிக்காவிட்டாலும், அந்தத் தேர்வில் தவறு என்று எண்ணக் கூடாது. எதிர்பாராத விடை ஒன்று வந்து, அதற்கு வட்டமா முக்கோணமா என்று தீர்மானித்தால், ஏற்கெனவே திருத்திய கட்டையும் பிரித்து அதே விடை எங்கே இருக்கிறது என்று தேடி, எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும்.